ஆட்டுக்குப் போன சத்துமாவு

எங்கள் வீட்டில் சத்துமாவு ஆட்டுக்கு, கடை மாவு தம்பிக்கு. அம்மா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்த்தாள். தம்பிக்கு இரண்டு வயது. பால்வாடியில் கொடுக்கிற சத்துமாவு பாக்கெட்டை அம்மா வாங்கி வருவாள், பிரிக்க மாட்டாள். அது பக்கத்து வீட்டுச் சித்திக்குப் போய்விடும். சித்தி அதைக் கரைத்துத் தன் ஆட்டுக்கு வைப்பாள். ஆடு பளபளவென்று இருந்தது.

தம்பிக்கு டப்பாவில் விற்கும் சாக்லேட் மாவு. டிவியில் அதைக் குடித்த பையன்கள் பந்தயத்தில் ஜெயித்தார்கள். சும்மா கொடுக்கிற மாவில் என்ன இருந்துவிடப் போகிறது என்று அம்மா நினைத்தாள். கம்பெனி பஸ் வருவதற்குள் டப்பா மாவை வெந்நீரில் கலக்கிக் கொடுத்துவிட்டு ஓடுவாள். தம்பி அதைக் குடித்தே வயிற்றை நிரப்பிக்கொண்டு, சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்புவான். டம்ளரின் அடியில் தங்கியது எனக்கு என்பதால், இந்த ஏற்பாட்டில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை.

ஒரு மழைக்காலத்தில் அவன் நடப்பதையே விட்டுவிட்டான். தூக்கச் சொல்லி அழுவான். தூக்கினால் தோளிலேயே தூங்கிவிடுவான். அம்மா லீவு போட்டு எங்கள் இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா அவன் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தம் ரொம்பக் கம்மி என்றார். என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டதும் அம்மா கொஞ்சம் பெருமையாகவே டப்பாவின் பேரைச் சொன்னாள்.

"பால்லயா, தண்ணியிலயா?"

"தண்ணியிலதான் மேடம்."

"அதுல சக்கரதான் ஜாஸ்திம்மா. புள்ள இத்தன நாளும் சக்கரத் தண்ணிதான் குடிச்சிருக்கான்."

டானிக் எழுதிக் கொடுத்தார். பருப்பு, கீரை, முட்டை கொடுக்கச் சொன்னார். பால்வாடி மாவு வருகிறதா என்று கேட்டார். அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

திரும்பி வந்ததும், தம்பியை இடுப்பில் வைத்தபடியே சித்தி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அந்த மாவு மீதி கீதா?"

சித்தி உள்ளே போய் இரண்டு பாக்கெட்டை எடுத்து வந்தாள்.

"எடுத்துக்கக்கா. ஆட்டுக்கு நான் தழ ஒடிச்சிக்கிறேன்."

முதல் நாள் அந்தக் கஞ்சியைத் தம்பி துப்பினான். டாக்டரம்மா ஒரு குழந்தையின் சாக்லேட்டைப் பிடுங்கிவிட்டார் என்று அவர்மேல் எனக்குக் கோபம். ஆனால் போகப்போக அவனே கிண்ணத்தை நீட்ட ஆரம்பித்தான். பொங்கலுக்குள் தெருவில் ஓடினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனியில் அம்மாவோடு வேலை செய்கிற ஒரு அக்கா பஜாரில் எதிரே வந்தாள். அவள் இடுப்பிலும் ஒரு நோஞ்சான் குழந்தை.

"பையன் நல்லா தேறிட்டானே. இன்னாக்கா குடுக்கற?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, "ஆட்டு மாவு" என்றேன். அம்மா என் கையைக் கிள்ளினாள். பிறகு அந்தக் குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஆமா, பால்வாடி மாவுதான்," என்றாள் மெதுவாக. "நானும் முன்னெல்லாம் ஆட்டுக்குத்தான் போட்டுனு இருந்தேன்."

அதைச் சொல்ல அம்மாவுக்கு ஏன் அவ்வளவு நேரம் பிடித்தது என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. நான் சொன்னதையே திருப்பிச் சொல்வதற்கு என்னை எதற்குக் கிள்ள வேண்டும் என்று வீடு வரைக்கும் முறைத்துக்கொண்டே நடந்தேன்.