ஐயாவே நட்ட கல்லு

கல்யாண வீடுன்னா மாப்பிள்ளையா இருக்கணும், சாவு வீடுன்னா பொணமா இருக்கணும்னு நெனைக்கற ஆளுங்க ஊருக்கு ஒருத்தர் உண்டு. அப்படி ஒரு ஆளுக்குக் கீழே ஒன்பது வருஷம் குப்பை கொட்டினவன் ஏழுமலை. நெலம் அளக்கற சங்கிலியை இழுக்கறது, எல்லைக் கல்லைச் சொமக்கறது, குழி தோண்டறது, இதெல்லாம் சர்க்கார் வேலை. குடை புடிக்கறது, கால்ல குத்தின முள்ளை எடுக்கறது, குளிக்கத் தண்ணி மொள்றது, இதெல்லாம் ஐயா வேலை. ஐயான்னா சர்வேயர் வரதராஜன்.

ஆந்திரா தனியா பிரிஞ்சு போயி ஆறு வருஷம் ஆயிருந்துச்சு. எந்த ஊரு உனக்கு, எந்த ஊரு எனக்குன்னு ரெண்டு பக்கமும் அடிச்சிக்கினு, கடைசியில ஒரு வழியா பேசி முடிச்சு, நகரிக்குத் தெற்கே மலையோரமா கல்லு நட ஆரம்பிச்சாங்க. கல்லு நடற கோஷ்டிங்கள்ல ஒண்ணுக்கு வரதராஜன் தலை. கேக்கணுமா? டீக்கடையில ஒக்காந்து, "நான் கையை இப்படிக் காட்டினா ஆந்திரா, அப்படிக் காட்டினா மெட்ராஸ்"னு பேசுவாரு. மலைப் பக்கம் மட்டும் தலை வெச்சுப் படுக்க மாட்டாரு. ஊருக்குள்ள நல்ல நெழலாப் பாத்துக் கட்டில் போட்டுப் படுத்துக்குவாரு. ஏழுமலை ஏறிப் போயி கல்லை நட்டுட்டு வந்து அளவு சொல்லணும், அவரு படுத்தபடியே புஸ்தகத்துல எழுதுவாரு.

வேலை நல்லா வந்தா "நான் அளந்தேன்". கோணலா வந்தா "இந்த ஏழுமலை முண்டம் சங்கிலியை வளைச்சு இழுத்துட்டான்". ஒரு தடவை பழைய சட்டை ஒண்ணு குடுத்தாரு. அதை நகரி, புத்தூரு, திருப்பதி வரைக்கும் நாலு மாசம் சொல்லிக்கினு திரிஞ்சாரு. அந்தச் சட்டையைப் போட்டுக்கினு வந்தா, "பாருங்க, நான் குடுத்தது." போடாம வந்தா, "நன்றி கெட்ட பய." என்னதான்டா பண்ணுவான் மனுசன்?

ஏழுமலைக்கும் பொழைக்கத் தெரியும். அவரு முன்னால "நான்"ங்கற பேச்சே எடுக்க மாட்டான். தனக்குத் தோணினதைக்கூட "ஐயா நேத்து சொன்னீங்களே"ன்னு தான் ஆரம்பிப்பான். சொல்லாததைச் சொன்னதா சொன்னாலும் அவரு, "ஆமாண்டா, சொன்னேன் இல்ல?"ன்னு மீசையைத் தடவுவாரு. பொஞ்சாதி ரத்னம்மா ஒரு நாளு கேட்டுட்டா, "நாப்பது வயசு ஆவுது, அந்தாளுக்கு இன்னும் எத்தினி நாளு ஜால்ரா தட்டுவே? வெக்கமா இல்ல?" "வெக்கத்தை வெச்சு சோறு பொங்குவியா?"ன்னான் ஏழுமலை. அவன் பொழைப்பு அப்படித்தான் ஓடிச்சு, அவன் நைனா சாவற வரைக்கும்.

நைனா கருப்பன் இருந்தது கங்காதர நெல்லூர் பக்கம். ஆயுசுக்கும் அடுத்தவன் நெலத்துல நாத்து நட்டவரு. ஒரே புள்ளை சர்க்கார்ல சங்கிலி இழுக்கறான்னு ஊரெல்லாம் சொல்லிப் பூரிச்சவரு. அவரு செத்த அன்னிக்கு, ரத்னம்மாவோட தம்பி மொத பஸ்ஸைப் புடிச்சு சேதி சொல்ல வந்தான். ஏழுமலை மலை மேல பதினாலாம் நம்பர் கல்லை நட்டுக்கினு இருந்தான். கீழே வேப்பமரத்து நெழல்ல இருந்தாரு சர்வேயர். "நீ போப்பா, ஆவ வேண்டியதைப் பாரு. நான் இப்பவே ஆள் உட்டு அனுப்பறேன்"னாரு. பெரிய மனுசன் வார்த்தையாச்சேன்னு நம்பி அவனும் திரும்பிட்டான்.

ஆளும் உடல, அனுப்பவும் இல்ல. மறுநாளு சித்தூர்லேர்ந்து மேலதிகாரி வர்றதா இருந்துச்சு. அவரு வரும்போது வேலை முடிஞ்சிருக்கணும், "சபாஷ் வரதராஜன்"னு சொல்லணும். அதிகாரி வந்தாரு, சபாஷ் சொன்னாரு, போனாரு. மூணாம் நாளு பொழுது சாயும்போது தான் ஐயா வெத்தலையைத் துப்பிட்டுச் சொன்னாரு, "டேய், ஊர்லேர்ந்து ஆள் வந்தாப்ல. உங்க வீட்ல ஏதோ சாவாம்."

ஏழுமலை போயி சேந்தப்போ மண்ணு மூடி, பாலு ஊத்தி, எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. பெத்த புள்ளை போட வேண்டிய மொத புடி மண்ணைப் பங்காளி மவன் போட்டானாம். புள்ளை வருவான், வருவான்னு பொணத்தை ஒரு நாளு பூரா வெச்சிருந்தாங்களாம். ஏழுமலை அழல. செத்த அன்னிக்கே சர்வேயர்கிட்ட சேதி சொன்னதை மச்சான் சொன்னான். இந்தாளை நாலு பேரு முன்னால நாறடிக்காம உட்டா நான் கருப்பனுக்குப் பொறந்தவன் இல்லைன்னு அந்த மண்ணு மேல கையை வெச்சு சொன்னான்.

பதினோரு மாசம் காத்துக்கினு இருந்தான். குடை புடிச்சான், தண்ணி மொண்டான். முன்னைக்கு ரெண்டு பங்கு "ஐயா, ஐயா"ன்னான்.

அப்போ தான் கன்னையான்னு ஒரு குடியானவரு மனு போட்டாரு. மலை மேல இருந்த பதினாலாம் நம்பர் கல்லை எவனோ பேத்துக் கொண்டாந்து கீழே நட்டுட்டான், என் நெலத்துல பாதி எல்லை தாண்டிப் போவுதுன்னு மனு. புஸ்தகத்துல அளவு எழுதினது ஒரு வேப்பமரத்துலேர்ந்து இத்தினி தூரம்னு. அந்த மரத்தையும் வெட்டிட்டாங்க. விசாரிக்க டெபுடி கலெக்டர் வர்றதா உத்தரவு வந்துச்சு.

கல்லு இருந்த எடம் எதுன்னு சர்வேயருக்கே தெரியாது. முந்தின நாளு ஏழுமலையைக் கூப்ட்டுப் பக்கத்துல ஒக்கார வெச்சாரு. ஒன்பது வருஷத்துல அது தான் மொத தடவை. "ஆபீசர் கேட்டா, நான் தான் தப்பா நட்டுட்டேன்னு ஒத்துக்கோ. உன்னைக் காப்பாத்தறது என் பொறுப்பு"ன்னாரு. "சரிங்க ஐயா"ன்னான் ஏழுமலை. இந்தாளை எதுல புடிக்கணும்னு அவனுக்கா தெரியாது?

டெபுடி கலெக்டர் தெலுங்குக்காரர், தமிழும் நல்லா பேசுவாரு, அதிர்ந்து பேசாத மனுசன். ரெண்டு ஊரு ஜனமும் மலையடியில கூடிடுச்சு. அவரு ஜீப்பை உட்டு எறங்கினதுமே, யாரும் கேக்கறதுக்கு முன்னால, ஏழுமலை துண்டை இடுப்புல கட்டிக்கினு முன்னால வந்தான்.

"தொரை, ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன். இந்தக் கல்லுங்க நட்டப்போ எங்க ஐயா பட்ட பாடு யாரும் பட மாட்டாங்க. உச்சி வெயில்ல தானே ஏறி, தானே அளந்து, தானே நட்டாரு. எங்களைக் கிட்டயே உடல."

"அப்படியா?" டெபுடி கலெக்டர் வரதராஜனை நிமிந்து பாத்தாரு. "அந்த மாதிரி சர்வேயரை நான் பாத்ததே இல்லையே."

கூட்டம் மொத்தமும் ஐயாவைப் பாத்துச்சு. அவரு மொகம் மலந்துச்சு பாருங்க! தப்பை ஏழுமலை தலையில கட்டணும்ங்கறதே மறந்து போச்சு. "ஆமா சார். ஒவ்வொரு கல்லும் என் கையால நட்டது. செயின்மேனை நம்பி உட முடியுங்களா?"

"நல்லதாப் போச்சு"ன்னாரு அவரு. "அப்போ பழைய எடத்தைக் காட்டுங்க. அடியில அடையாளம் இருக்கும் இல்ல?"

எல்லைக் கல்லை நடும்போது குழிக்கு அடியில அடுப்புக் கரியும் பானை ஓடும் போட்டு மூடறது வழக்கம். கல்லைப் பேத்தாலும் கரி அங்கயே கெடக்கும், மக்கிப் போவாது. அதைத் தோண்டி எடுத்தா எடம் தெரிஞ்சிடும்.

வரதராஜன் ஏறினாரு. மூச்சு வாங்க ஒரு எடத்தைக் காட்டினாரு. தோண்டினாங்க, வெறும் செம்மண்ணு. பத்தடி தள்ளி இன்னொண்ணு காட்டினாரு. பாறை. மூணாவது குழி, நாலாவது குழி. கூட்டத்துல யாரோ, "ஐயா கெணறு வெட்றாருடோய்"னான். ஒரே சிரிப்பு. அவரு வேர்த்துப் போயி ஏழுமலை பக்கத்துல வந்து, "எங்கடா?"ன்னு கிசுகிசுத்தாரு.

ஏழுமலை எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னான், "ஐயாவே நட்ட கல்லு. எனக்கு இன்னாங்க தெரியும்?"

ஆறாவது குழிக்கு அப்புறம் டெபுடி கலெக்டர் ஏழுமலை பக்கம் திரும்பினாரு. "நீகு தெலுசா?" உனக்குத் தெரியுமாடான்னு கேட்டது ஊருக்கே புரிஞ்சுது. சொன்னா, இத்தினி நேரம் சொன்ன பொய்யி தன் மேலயும் விழும்னு அவனுக்குத் தெரியும். வேலையும் போவலாம். போனா போவுதுன்னு கடப்பாரையை வாங்கிக்கினு நேரா நடந்தான். ரெண்டு பாறைக்கு நடுவுல நின்னு, முழங்கை ஆழம் தோண்டினான். கரி. அதுக்குக் கீழே கருப்பாப் பானை ஓடு.

"யாரு போட்டது?"

"நான் தாங்க."

"அப்போ இவரு எங்க இருந்தாரு?"

ஏழுமலைக்கு முன்னால கன்னையா பதில் சொல்லிட்டாரு. "எங்க வேப்பமரத்து நெழல்ல கட்டில் போட்டுப் படுத்துக்கினு இருந்தாருங்க. மோரு குடுத்ததே எங்க வீட்ல தான்."

ரெண்டு ஊரும் சிரிச்ச சிரிப்பு மலையில முட்டித் திரும்புச்சு. ஏழுமலைக்கு உள்ள குளுந்துச்சு. தானே நின்னு அளந்ததா புஸ்தகத்துல பொய்யா கையெழுத்துப் போட்டதுக்கு வரதராஜனை அன்னிக்கே வேலையை உட்டு நிறுத்திட்டாங்க. ஏழுமலைக்கு நல்லா திட்டு விழுந்துச்சு, வேலை போவல.

மறுநாளு காலையில நகரி பஸ் ஸ்டாண்டுல பொட்டியோட நின்னுக்கினு இருந்தாரு வரதராஜன். ஏழுமலை வேணும்னே போயி எதுர்ல நின்னான். பதினோரு மாசமா மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்த பேச்சு, நாக்கு நுனியில நின்னுச்சு.

"ஏண்டா, உனக்கு நான் இன்னா கொறை வெச்சேன்?"ன்னு அவரே ஆரம்பிச்சாரு.

"எங்க நைனா செத்த சேதியை மூணு நாளு அமுக்கி வெச்சீங்களே."

அவரு நெத்தியைச் சுருக்கி யோசிச்சாரு. நடிப்பு இல்ல, நெஜமாவே யோசிச்சாரு. நடிப்பா இருந்திருந்தா ஏழுமலைக்கு அத்தினி வலிச்சிருக்காது.

"உனக்கு நைனா இருந்தாரா?"ன்னாரு.

"இருந்தாரு. கருப்பன்னு பேரு"ன்னான்.

"சரி, சரி. பஸ் வருது பாரு. பொட்டியைத் தூக்கி மேல போடு."