அளக்க வந்தவர்களுக்கு மோர்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் நான் சேலத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா. புகுந்த வீடோ, மெயின் லைனிலிருந்து பிரியும் ஒரு சின்னக் கிளைப் பாதையில் இருந்த கிராமம். காலை வண்டியில் போய், விளக்கு வைப்பதற்குள் மாலை வண்டியில் திரும்பிவிட வேண்டும் என்பது மாமனார் போட்ட நிபந்தனை. இருட்டிய பிறகு வந்தால் வேலைக்கு முழுக்கு. என் உத்தியோகமே அந்த வண்டியை நம்பித்தான் இருந்தது.

வண்டி ஒழுங்காகத்தான் வந்தது. டிக்கெட் வாங்குவதுதான் பெரும்பாடு. ஸ்டேஷனில் ஒரே ஜன்னல். புகை கண்ணில் பட்ட பிறகுதான் ஸ்டேஷன் மாஸ்டர் அதைத் திறப்பார். கடலை மூட்டைக்காரர், சந்தைக்குப் போகிறவர், ஆட்டைத் தோளில் போட்டவர் என்று அத்தனை ஆண்களும் முண்டியடிக்கும்போது நடுவில் நான் எங்கே கையை நீட்டுவது? எத்தனையோ நாள் என் கண்ணெதிரிலேயே வண்டி போய்விட்டது.

கோபம் வந்துவிட்டால் என் பேனா சும்மா இருக்காது. தினமும் போகிறவர்களுக்கு மாதச் சீட்டு வேண்டும், பெண்களுக்குத் தனி ஜன்னல் வேண்டும் என்று மேலதிகாரிகளுக்கு மனு எழுதினேன். ஊரில் பாதிப் பேர் கைநாட்டு வைத்தார்கள். ரயில்காரனுக்கே புத்தி சொல்ல எங்கள் வீட்டில் ஆள் வந்தாயிற்று என்று மாமனார் கேலி செய்தார்.

என்ன ஆச்சரியம், சில மாதங்களில் மாதச் சீட்டு வந்தே விட்டது. அதைக் கையில் வாங்கிய அன்று துரையையே ஜெயித்துவிட்டவள் மாதிரி நடந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கிலியும் கையுமாக நாலைந்து பேர் வந்து தண்டவாளத்தை அளந்தார்கள். எனக்குச் சந்தேகமே இல்லை. ஜன்னல் வரப்போகிறது, கொட்டகை வரப்போகிறது, யார் கண்டது, இன்னொரு வண்டிகூட வரலாம்! வேலைக்கு வந்தவர்களை வயிறு காயவிடுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. மாமியார் ஒரு பானை மோரும் கம்மஞ்சோறும் கொடுக்க, நானே கொண்டுபோனேன். அவர்களில் மூத்தவர், வாழப்பாடிப் பக்கத்து ஆள், என் முகத்தைப் பார்க்காமலே செம்பை வாங்கிக் குடித்தார். கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மாதம் முடியவில்லை. ஒரு காலையில் ஸ்டேஷனுக்குப் போனால் ஜன்னல் மூடிக் கிடக்கிறது. சற்றுத் தள்ளி அதே ஆட்கள் கடப்பாரை போட்டுத் தண்டவாளத்தை நெம்பிக்கொண்டிருந்தார்கள். கழற்றியதை லாரியில் ஏற்றினார்கள். என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை.

ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே வந்தார். முதல் நாள் ராத்திரிதான் அவருக்கே தந்தி வந்ததாம்.

"யுத்தத்துக்கு இரும்பு வேணுமாங்க அம்மா. கப்பல்ல ஏத்தி எங்கியோ பாலைவனத்துல போடறாங்களாமுங்க. இனி இங்க வண்டியே கெடையாதுங்க."

"என் மாதச் சீட்டு இன்னும் முடியலீங்களே" என்றேன். எவ்வளவு அசட்டுப் பேச்சு! ஆனால் அதைத் தவிர வாயில் வேறு எதுவும் வரவில்லை.

வீட்டில் சொன்னபோது மாமனார் நம்பவில்லை. தண்டவாளத்தைப் போய் யாராவது பிடுங்குவார்களா என்று தானே கிளம்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அன்று அவர் கேலி செய்யவில்லை. பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் சேலத்துக்கு ஓடிய கரி பஸ் ராத்திரிதான் ஊர் திரும்பும் என்பது எல்லோருக்கும் தெரியும். நிபந்தனையைத் தளர்த்துவார் என்று அவர் முகத்தையே பார்த்தபடி நின்றேன். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சோளக் காட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாளும் என் உடம்பு வண்டி நேரத்துக்கே எழுந்துகொண்டது. குளித்து, பள்ளிக்கூடச் சேலையைக் கட்டி, பழைய சோற்றை வழக்கம்போல் அவசர அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இனி எதுக்குச் சாமி இத்தன அவசரம்? மெதுவா உண்ணு."

அன்பாகத்தான் சொன்னார். அதற்குமேல் எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.