ஐஸ் ஃபாக்டரியிலிருந்து வீடு வரை

பாவாடையை இரண்டு தட்டு தட்டி உதறிவிட்டுத்தான் ரொட்டிக்கடைப் பெஞ்சில் உட்காருவாள் பெலிங். பசி இருக்கிறதோ இல்லையோ, வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு சூடான பன், கறுப்புக் காபி.

"என்னக்கா, இன்னிக்கும் ஆவிய என் கடையில இறக்கி விட்டாச்சா?" என்பான் கடைக்கார டோமெங்.

"உன் ரொட்டியத் தின்னா அதுவே ஓடிப்போயிடும்டா."

எங்கள் தீவில், பிணம் கிடந்த இடத்திலிருந்து யாரும் நேரே வீட்டுக்குப் போவதில்லை. எங்கேயாவது நின்று உதறிவிட்டுத்தான் போவோம். இல்லாவிட்டால் செத்தவர் பின்னாலேயே வந்துவிடுவார். பெலிங் பெருக்குவது கடற்கரையிலுள்ள பழைய ஐஸ் ஃபாக்டரியை. இப்போது அது பாட்டுக்கூடம். காசு போட்டால் யார் வேண்டுமானாலும் மைக்கைப் பிடித்துக் கத்தலாம். அதற்கு முன் நிவாரண அரிசிக் கிடங்கு. அதற்கும் முன், பெரும்புயல் அடித்த வாரம், ஊர்ப் பிணங்களைக் கிடத்திய இடம். கரண்ட் போன ஊரில் குளிர் மிச்சமிருந்தது அங்கே மட்டும்தான். பாட வருகிறவர்கள் அதையெல்லாம் மறந்தாயிற்று.

அவள் புருஷன் டென்சியோ அங்கே ஐஸ் கட்டி அறுத்தவன். ரம்பம் இழுத்த அதே அறையில்தான் அவனும் கிடந்தான். ரம்பம் தின்ற விரலை வைத்து அடையாளம் சொன்னாள். வீட்டில் கைக்குழந்தை. பயந்துபோய், இதே கடை வாசலில் பாவாடையை உதறிவிட்டுப் போனாள். பிறகு எல்லாரையும் ஒரே குழியில் போட்டு மூடினார்கள். எந்த இடத்தில் அவன் என்று காட்ட ஒரு சிலுவைகூடக் கிடையாது. கல்லறைத் திருநாளன்று அவள் மெழுகுவத்தி ஏற்றுவது பாட்டுக்கூடத்து ஸ்பீக்கருக்குப் பின்னால்தான். கரண்ட் போகப் போகிறது என்று பாடுகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

"வெறச்சுப்போய்க் கிடந்த மனுஷன வீட்டுக்குக் கூட்டிட்டு வராம, தெருவுல உதறிட்டு வந்தேனே" என்று ஒருமுறை சொன்னாள். உடனே அவளே, "ஃபாக்டரியிலதான இருக்காரு, எங்க போயிடப் போறாரு" என்று காபியை ஊதினாள்.

போன வாரம் கட்டடம் கைமாறிவிட்டது. திங்கட்கிழமை இடிக்கிறார்கள். லாரி நிறுத்த இடம் வேண்டுமாம்.

நேற்று கடைசி நாள். சாவியைக் கொடுத்துவிட்டு வந்தவள் பெஞ்சைப் பார்க்காமலே கடையைத் தாண்டினாள்.

"அக்கா! உதறாமப் போறியே! கூடவே வந்துடும்க்கா!"

"வரட்டும்டா. மகளும் மணிலாவுக்குப் போயிட்டா. வீட்டுல பயப்பட யாரு இருக்கா?"

எப்போதும் விறுவிறுவென்று போகிறவள் நேற்று மெல்ல நடந்தாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக் கதவைத் திறந்தாள். உள்ளே போகாமல், சுவரோரம் ஒதுங்கி நின்றாள். ஓர் ஆள் நுழைகிற நேரம் பொறுத்திருந்துவிட்டு, தானும் போய்க் கதவைச் சாத்தினாள்.