பிரிக்காமல் கொடுத்த கடுதாசி

நான் அடுத்தவங்க கடுதாசியைப் படிச்சவ. ஒண்ணு ரெண்டு நாளில்லை, பத்து வருசம். கோயமுத்தூர்ல வேலைக்குப் போற பொண்ணுங்க தங்கற ஹாஸ்டல் ஒண்ணுக்கு நான் வார்டன். தபால்காரர் கொடுத்துட்டுப் போற உறையை எல்லாம் பிளேடால கீறி, படிச்சுப்போட்டு, அப்புறந்தான் உரியவங்க கையில கொடுப்பேன். போனும் அப்படித்தான். ஹால்ல ஒண்ணு, என்ற ரூம்ல ஒண்ணு, ரெண்டுக்கும் ஒரே லைன். அங்க ஒருத்தி பேசினா இங்க நான் ரிசீவரை எடுத்துக்குவேன். இதைத் தப்புன்னு யாரும் சொன்னதில்லை. பெத்தவங்க என்னைக் கும்பிட்டுட்டுப் போவாங்க.

தொண்ணூறுகள்ல பாதி தாண்டின சமயம். ஒருநாள் காலையில உடுமலைப்பேட்டைப் பொண்ணு ஒருத்தி பேப்பரும் கையுமா வந்து நின்னா. ஒரு மில்லுல டெலிபோன் ஆபரேட்டர்.

"ஏனுங்க மேடம், சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சுங்க. போன்ல பேசறது அவங்கவங்க சொந்த விசயமாமா. கவர்மெண்டே நெனச்சபடி ஒட்டுக்கேக்கக் கூடாதாமா."

"அதுக்கு?"

"அப்ப கடுதாசியை மட்டும் பிரிக்கலாமுங்களா?"

எனக்கு வந்ததே கோவம்! "நாளைக்கு ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, உங்கப்பனுக்கு சுப்ரீம் கோர்ட்டா வந்து பதில் சொல்லும்? போ கண்ணு, போய் டிபன் சாப்பிடு"ன்னு விரட்டிட்டேன்.

அதே வாரம் அவ அம்மாகிட்ட இருந்து கடுதாசி. வழக்கம்போலக் கீறினேன். 'அந்த மாப்பிள்ளை வேண்டாம்னு நீ சொன்னதை இன்னும் அப்பாகிட்ட சொல்லலை. நேரம் பார்த்துச் சொல்றேன், அதுவரைக்கும் வாயைத் திறக்காதே'ன்னு எழுதியிருந்துச்சு. ஞாயித்துக்கிழமை அவ அப்பா ஒரு பை நிறையத் தேங்காயோட மகளைப் பார்க்க வந்தார். என்ற வாய் சும்மா இருந்துச்சா? "பொண்ணுக்கு அந்த மாப்பிள்ளையைப் புடிக்கலீங்களாமா, கட்டாயப்படுத்தாதீங்க"ன்னேன். நல்லது செய்யறதா நெனப்பு.

மனுசன் முகம் கறுத்துப் போச்சு. பக்கத்துல நின்ன மகளைப் பார்த்து, "ஊருக்கே தெரிஞ்சிருக்குது, எனக்கு மட்டுந்தான் தெரியலையா? பொட்டியக் கட்டு அம்மணி. வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்"னு எந்திரிச்சுட்டார். அவ அழலை. என்னைப் பார்த்து, "அது எங்கம்மா எனக்கு எழுதுனதுங்க"ன்னா. அவ்வளவுதான். எங்காவது போய் ஒளிஞ்சுக்கலாம்னு இருந்துச்சு எனக்கு.

அவரைக் கும்பிட்டுக் கெஞ்சினேன். "தப்பு என்ற மேலதானுங்க. புள்ளைய விட்டுட்டுப் போங்க."

"ஊட்ல பேசிட்டுக் கடுதாசி போடறேன். அதுல வான்னு எழுதினா மறுபேச்சில்லாம வந்துரோணும்"னு மககிட்ட சொல்லிட்டுக் கிளம்பினார். அன்னைக்குச் சாயங்காலமே என்ற ரூம் போனோட ஒயரைப் புடுங்கினேன். பிளேடைக் குப்பையில போட்டேன்.

பத்து நாள் கழிச்சு உறை வந்துச்சு. மேல அவரோட கையெழுத்து. அட, என்னத்தைச் சொல்ல, கை அரிச்சுது! வெளிச்சத்துக்கு நேரா ஒருதரம் தூக்கிக்கூடப் பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஒட்டினது ஒட்டினபடியே அவகிட்ட கொடுத்தேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தா. பிரிக்கவே இல்லை.

"நீங்களே படிங்க மேடம். எனக்குப் பயமா இருக்குது."

"நானா? மாட்டேன் சாமி!"

"நானாத்தானுங்க கொடுக்கறேன், படிங்க."

பிரிச்சேன். பிளேடு இல்லாம, விரலாலயே ஓரத்தைக் கிழிச்சு, அவளுக்குக் கேக்கற மாதிரி படிச்சேன். 'மாப்பிள்ளை ஊட்டுக்காரங்ககிட்ட வேண்டாம்னு சொல்லிப்போட்டேன். நீ வேலையைப் பாரு கண்ணு. இனிமே எதுன்னாலும் எனக்கே எழுது.' அவ என்ற தோள்ல சாஞ்சு அழுதா. நானும் அழுதேன். கீழ இன்னும் ஒரு வரி இருந்துச்சு.

'வார்டனம்மாவுக்கு வணக்கம். எப்படியும் இதை நீங்கதான் முதல்ல படிப்பீங்க. பொண்ணைப் பத்திரமாப் பார்த்துக்குங்க.'