பின்சீட்டுக்காரர்

என் வீட்டுக்காரர் பாதி ஆயுளை லொறியில் கழித்தவர். தம்புள்ளை மரக்கறிச் சந்தைக்கும் கொழும்புக்கும் நடுவில் அவருக்குத் தெரியாத பள்ளம் ஒன்று இருந்தால், அது நேற்று விழுந்ததாகத்தான் இருக்கும். சீனி வியாதி ஒரு கண்ணில் இறங்கியதும் டொக்டர் சாவியைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டார். லொறியை விற்றோம். அன்றிலிருந்து குடும்பத்தின் ஸ்டியரிங் என் கையில். ஸ்டியரிங் என்று பெருமைக்குச் சொல்கிறேன், பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் ஹேண்டில்தான்.

பல்லேபொலப் பக்கம் உள்ள வீட்டுத் தோட்டங்களில் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி மாத்தளை டவுன் கடைகளுக்குக் கொடுப்பது எங்கள் தொழில். நான் ஓட்டுவேன், விலை பேசுவேன். அவர் பின்னால் உட்கார்ந்து வருவார், மிளகைப் பல்லில் கடித்துப் பார்த்து எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று சொல்வார். அவர் பல்லும் என் வாயும் சேர்ந்தால்தான் வியாபாரம்.

இதில் ஓர் ஏற்பாடும் இருந்தது. டவுனுக்குள் நுழைவதற்கு முன் ஒரு பாலம் வரும். அந்தப் பாலத்தடியில் அவர் இறங்கிக்கொள்வார். "நீ முன்னால போ, நான் கால நீட்டி நடந்து வர்றேன்" என்பார். கால் நீட்டுவதற்காக இல்லை. பெண்டாட்டி ஓட்ட, தான் பின்னால் குந்திக்கொண்டு வருவதை பழைய லொறிக் கூட்டாளிகள் பார்த்துவிடக் கூடாது. வழியில் போன் வந்தாலும் "பஸ்ல வர்றேன்" என்றுதான் சொல்வார். பஸ்ஸுக்குள் எப்படி இவ்வளவு காற்று அடிக்கிறது என்று கேட்கிற புத்தி அந்தக் கூட்டாளிகளில் ஒருவருக்கும் இருக்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். கேட்டிருக்கிறேன். "ஊர் வாய மூட உலைமூடி இருக்கா?" என்று அதோடு முடித்துவிடுவார்.

ஒரு மழை நாளில் விழுந்தோம். பல்லேபொலவிலிருந்து திரும்பி வரும் இறக்கத்தில், ஒரு பலாமரத்தடி வளைவு. ஹோர்ன் அடித்தேன், திருப்பினேன், நினைத்ததைவிட வண்டி வேகமாகப் போவது தெரிந்தது, முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். அவ்வளவுதான். நான் றோட்டில் கிடந்தேன், அவர் வடிகானில் கிடந்தார், மிளகு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கொட்டிக் கிடந்தது. நல்லவேளை, முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. ஊர்ச்சனம் ஓடிவந்து தூக்கிவிட்டது, மிளகையும் கூட்டி அள்ளிக் கொடுத்தது. அவர்கள் எல்லாருக்கும் முன்னால் இவர் சேற்றைத் தட்டிக்கொண்டே, "இனி செத்தாலும் இவ பின்னால ஏற மாட்டேன்" என்றார். சிங்களத்திலும் ஒரு தடவை சொன்னார், விளங்காதவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்காக.

பலா இலை வழுக்கிவிட்டது என்றேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்றார்.

சொன்னபடியே நடந்தும் காட்டினார். அதற்குப் பிறகு நான் பைக்கில் முன்னால் போவேன், அவர் த்ரீவீல் பிடித்துப் பின்னால் வருவார். மிளகுக்காரர் வீட்டு முற்றத்தில் இவருடைய பல் வந்து சேரும்வரை நான் சாக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். தொழில் எப்படியோ ஓடியது. என்னை அரித்தது அது இல்லை. வளைவு வந்தால் இப்போது நானே சாமியைக் கூப்பிட்டேன். இந்த மனுஷன் சொன்னது சரிதானோ என்று ஒரு நினைப்பு உள்ளே வந்து பாய் விரித்துப் படுத்துவிட்டது. அதைக் கிளப்ப வேண்டும். இவரை மறுபடியும் என் பின்சீட்டில் ஏற்ற வேண்டும், அதுவும் அவராக ஏற வேண்டும். அதற்குக் குறைந்த எதுவும் எனக்குப் போதாது.

நாவுலவில் டயர் மாற்றப் போன கடையில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. தம்புள்ளைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் காணியில் தார் போட்ட ஓட்டப்பாதை, ஒரு நாள் பயிற்சி, எந்த வண்டியும் கொண்டுவரலாம், எந்த வயதுக்காரரும் வரலாம் என்று எழுதியிருந்தது. ஐம்பதை எட்டிப்பார்க்கிற வயது எனக்கு. 'எந்த வயதுக்காரரும்' என்று எழுதியவர்கள் இவ்வளவு தூரம் யோசித்திருக்க மாட்டார்கள். பெயர் கொடுத்துவிட்டேன்.

"நானும் வர்றேன்" என்றார் இவர்.

"எதுக்கு?"

"விழுந்தா தூக்கிட்டு வர ஆள் வேணும்ல."

நான் பைக்கில் போனேன், அவர் பஸ்ஸில் வந்தார். இந்தத் தடவை உண்மையாகவே பஸ்.

அங்கே வந்திருந்தவர்கள் எல்லாம் தோல் உடுப்பு, பெரிய பெரிய வண்டி. முழங்காலில் ஆமைக்கு இருப்பதுபோல ஓடு கட்டியிருந்தார்கள். என் வண்டியின் கரியரில் மிளகுத்தூசி இருந்தது. பக்கத்தில் நின்றவர் இரண்டு தடவை தும்மினார். அதற்காக நான் ஒன்றும் கூனிக் குறுகவில்லை. மாத்தளையிலிருந்து போனவளிடம் வேறு என்ன வாசம் அடிக்கும்.

பயிற்சி கொடுத்தவள் கண்டிப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை, என் மகள் வயதுதான் இருக்கும். பேச்செல்லாம் சிங்களத்தில். நான் அவளுக்கு அக்கே, அவள் எனக்கு நங்கி, அதாவது தங்கச்சி. வந்ததும் வராததுமாக ஒவ்வொரு வண்டியின் பின்பார்க்கிற கண்ணாடியிலும் டேப் சுற்றி மறைத்தாள்.

"பின்னால லொறி வந்தா எப்படி நங்கி தெரியும்?" என்று கேட்டேன்.

"இங்க லொறி வராது அக்கே. பின்னால வர்றவங்க பாத்து வருவாங்க. நீங்க போற பக்கத்த மட்டும் பாருங்க."

எனக்கு அது பெரிய கஷ்டம். ஏனென்றால் அந்தக் கண்ணாடியில் நான் லொறியைப் பார்ப்பது குறைவு, இவர் முகத்தைப் பார்ப்பதுதான் அதிகம். ஒவ்வொரு வளைவிலும் இவர் பல்லைக் கடிப்பதும், இல்லாத பிரேக்கை மிதிக்கிற முகச்சுளிப்பும் அதில் நன்றாகத் தெரியும். வருடக்கணக்காகப் பாதிக் கண்ணால் றோட்டையும் பாதிக் கண்ணால் புருஷனையும் பார்த்து ஓட்டியிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

முதல் சுற்று. முதல் வளைவு வந்தது. நல்ல நீளமாக ஹோர்ன் அடித்தேன். அடுத்த வளைவுக்கும் அடித்தேன். நம் பக்கத்து றோட்டில் வளைவு என்றால் கைவிரல் தானாகவே ஹோர்னுக்குப் போய்விடும், சாமி படத்தைக் கண்டால் கை கன்னத்துக்குப் போவது மாதிரி. எதிரில் ஈ காக்கை வராத, ஒரே திசையில் ஓடுகிற பாதையில் நான் ஒவ்வொரு வளைவுக்கும் ஊரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஓரத்தில் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கடைசி வளைவில் பதறி பிரேக்கைப் பிடிக்க, வண்டி நெளிந்து புல்லுக்குள் இறங்கிப் போய் நின்றது. விழவில்லை. ஆனாலும் மாமரத்தடியில் நின்ற இவர் ஓரடி முன்னால் வந்ததைக் கண்டேன்.

அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்று, "ஹோர்ன விடுங்க, அது தானா போயிடும். அக்கே, வளைவு வர்றதுக்கு முன்னாலயே நீங்க நியூட்ரல் போடுறீங்க. ஏன்?" என்று கேட்டாள்.

"பெற்றோல் மிச்சம்."

பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்ற காலத்தில் பிடித்த பழக்கம் அது. மலையிலிருந்து இறங்கும்போது கியரை எடுத்துவிட்டு வண்டியைச் சும்மா உருளவிடுவது. எங்கள் பக்கம் பாதிப் பேர் அப்படித்தான் வீடு வந்து சேர்ந்தோம். வரிசை போய்விட்டது, பழக்கம் போகவில்லை.

"நியூட்ரல்ல போனா எஞ்சின் வண்டியப் பிடிக்காது. இறக்கம் தள்ளும், வேகம் ஏறும், நீங்க வளைவுக்குள்ள போய் பிரேக்கப் பிடிப்பீங்க, ஈரத்துல சறுக்கும்" என்றாள் அவள். பலாமரத்தடியைக் கண்ணால் பார்த்தவள் மாதிரி சொன்னாள். "யாரு உங்களுக்கு இதப் பழக்கினது?"

இந்தக் கேள்விக்கு நான் காத்திருந்தேன் என்றுகூட எனக்குத் தெரியாது. கையை நீட்டினேன். "அந்தா, மாமரத்தடியில நிக்கிறாரு பாருங்க, அவருதான்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இவர் அண்ணாந்து, காயே இல்லாத மரத்தில் மாங்காய் தேட ஆரம்பித்தார்.

பிறகு அவள் முன்னால் மெதுவாகப் போக, நான் பின்னால் போனேன். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறை. கியரைக் குறை. உள்ளே போனதும் பிரேக்கை மற. வளைவு முடிகிற இடத்தைப் பார், எக்சிலேட்டரை நூல் அளவு திற. வாயால் சொன்னபோது எனக்கு ஏறவில்லை. அம்மன் தேர் நினைவுக்கு வந்ததும்தான் ஏறியது. தெருமுனை வருவதற்கு முன்பே தேரை நிறுத்தி, முட்டுக்கட்டை வைத்து, நிதானமாகத் திருப்பி, பிறகு வடத்தை இழுப்பார்கள். முனைக்குள் போனபிறகு கட்டையைத் தேடுகிறவனை யாரும் தேரடியில் விடமாட்டார்கள். நான் இத்தனை நாளாக முனைக்குள் போய்க் கட்டை தேடியிருக்கிறேன்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு ஏதோ நடந்தது. வண்டி வளைவுக்குள் போனது, எஞ்சின் ஒரே சீராக முனகியது, நான் பார்த்த இடத்துக்கே அது என்னைக் கொண்டுபோனது. மறுபடியும் போனேன், மறுபடியும் அப்படியே. வாங்கிய நாளிலிருந்து அந்த வண்டி வளைவில் என் பேச்சைக் கேட்டது அன்றைக்குத்தான். ஹெல்மெட்டுக்குள் நான் சத்தமாகச் சிரித்துக்கொண்டு ஓட்டினேன். ஒரு வளைவில் பெரிய வண்டிக்காரர் ஒருவர் தடுமாற, அவரைக் கடந்து போனேன். நேர்ப்பாதையில் அவர் பாய்ந்து என்னைத் தாண்டிவிட்டார், அவர் எஞ்சின் அப்படி. அடுத்த வளைவில் மறுபடியும் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். அவர் ஒரு கையைத் தூக்கிக் காட்டினார். ஹோர்ன் அடிக்க மறந்துவிட்டேன் என்பதே பாதையைவிட்டு வெளியே வந்தபிறகுதான் தெரிந்தது.

பொழுது சாய்கிற நேரம் அந்தப் பிள்ளை எல்லாரையும் ஓரத்தில் நிற்க வைத்தாள். "அக்கே, நீங்க ஒரு ரவுண்ட் தனியா போங்க" என்றாள். மற்றவர்களிடம், "இந்த அக்கா வளைவுக்கு முன்னால என்ன செய்றாங்கனு பாருங்க" என்றாள். தோல் உடுப்புக்காரர்கள் வரிசையாக நின்று, மிளகுத்தூசி பிடித்த என் வண்டியைப் பார்த்தார்கள். பெருமையாக இருந்தது. அடக்கமாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. என் கல்யாணத்தன்றுகூட அத்தனை பேர் என்னை அவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை.

இவர் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் போய் ஹெல்மெட்டைக் கழற்றினேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னீங்களே. ஆட்டம் பழக்கினது யாரு?"

"நான் லொறிக்குச் சொன்னேன். நீ அதப் பைக்குக்குப் போட்டுக்கிட்ட" என்றார். பிறகு, "சரி, நான் பஸ்ல வர்றேன்" என்று நடந்துவிட்டார்.

அத்தனை பேர் பார்த்தும் இவர் கண்ணில் விழவில்லையே என்று எனக்கு வந்த ஆத்திரத்தில், வீட்டுக்கு வரும்வரை ஒரு வளைவிலும் நியூட்ரல் போடவில்லை.

அடுத்த மிளகு நாள் விடிந்தது. முதல் நாள் ராத்திரி பெய்த மழையில் றோட்டெல்லாம் நனைந்திருந்தது. வழக்கம்போல த்ரீவீல் வந்து வாசலில் நின்றது. இவர் வெளியே வந்து, வெறும் சாக்குக் கட்டைத் தூக்கி த்ரீவீலுக்குள் போட்டார். "நீ இதக் கொண்டு போய் மிளகுக்காரர் வீட்டுல நில்லு" என்று டிரைவரிடம் சொன்னார். பிறகு ஆணியில் தொங்கிய பழைய ஹெல்மெட்டை எடுத்து, உள்ளே ஊதித் தூசியைத் தட்டி, தலையில் மாட்டிக்கொண்டு என் பின்னால் வந்து ஏறினார். நான் உடனே வண்டியைக் கிளப்பினேன். பேசினால் இறங்கிவிடுவார் என்று பயம்.

மிளகு வாங்கி முடித்துத் திரும்பி வரும்போது, பலாமரத்து இறக்கம் தொடங்குகிற இடத்தில் அவருக்குப் போன் வந்தது. ஹெல்மெட்டுக்குள் போனைச் சொருகிக்கொண்டார். தம்புள்ளைச் சந்தைக் கூட்டாளி, எப்போதும் கத்திப் பேசுகிறவர். எங்கே இருக்கிறாய் என்று அவர் கேட்டது எனக்கே கேட்டது. வளைவு வந்துகொண்டிருந்தது. றோட்டில் பலா இலை ஒட்டிக் கிடந்தது. வேகத்தைக் குறைத்தேன், கியரைக் குறைத்தேன், ஹோர்னை ஒரு தடவை அடித்தேன், அது தேவையான இடம் அதுதான். வளைவின் முடிவைப் பார்த்தேன். கண்ணாடியைப் பார்க்கவில்லை. பயத்தில் அவர் முழங்கால் என் இடுப்பில் இறுகும் என்று காத்திருந்தேன். இறுகவில்லை.

"பைக்லதான். வைஃப் ஓட்டுறா" என்றார் என் முதுகுக்குப் பின்னால். "ஆமா, நான் பின்னாலதான் இருக்கேன். அதெல்லாம் பயமில்ல, நீ விஷயத்தச் சொல்லு."

பாலத்தடியில் பழக்கத்தில் வண்டியை மெதுவாக்கினேன். இவர் என் தோளில் தட்டினார்.

"எதுக்கு இங்க நிப்பாட்டுற? கடை வாசலுக்கே போ."