சுவரில் இல்லாத அளவு

காலை பதினொன்று பத்துக்கு ராயபுரம் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். எண்ணூருக்கு டிக்கெட் ஐந்து ரூபாய். கையில் ஒரு துணிப்பை. பைக்குள் கன்மெட்டல் புஷ், மூன்று கிலோ. மிஷினில் ஷாஃப்ட் சுற்றும் இடத்தில் தேய்மானத்தைத் தாங்கப் போடும் கனத்த வளையம் அது.

ராயபுரத்தில் எனக்கு லேத் பட்டறை. ஒரு லேத் இருந்தது, இப்போது இரண்டு. வேலைக்கு ரமேஷ் இருக்கிறார், என் வயதுதான். போனும் ஆர்டரும் பார்ப்பது என் மனைவி ஸ்டெல்லா.

வாடிக்கைக்காரர்களின் அளவுகளைச் சாக்பீஸால் சுவரில் எழுதி வைப்பேன். இருபது வருடமாக அப்படித்தான். போன வாரம் கிறிஸ்துமஸுக்காக வீட்டுக்கு வெள்ளையடித்தோம். சுண்ணாம்பு மிச்சம் இருந்தது. வீணாக வேண்டாம் என்று பட்டறைக்கும் நானே அடித்தேன். ஏணியிலிருந்து இறங்கிய பிறகுதான், அளவெல்லாம் சுண்ணாம்புக்கு அடியில் போய்விட்டது என்று உறைத்தது.

ஸ்டெல்லா திட்டவில்லை.

"அல்லாத்தியும் எப்பவோ போட்டோ எட்த்து, பேர் போட்டு போன்ல ஏத்திகீறேன். நீ போய்க் குளி."

இன்று காலை ஏழரைக்கு ஸ்டெல்லாவின் வாட்ஸ்அப்பில் தேவகி. முகத்துவாரக்குப்பத்தில் படகுக்காரர்களுக்கு ஐஸ் உடைத்துக் கொடுப்பவர். புஷ் தேய்ந்து மிஷின் நின்றுவிட்டது. இரண்டு மணிக்குள் ஓட வேண்டும், படகுகள் காத்திருக்கின்றன. புதிதாக இரண்டு மிஷின் வாங்குகிறார். இது ஓடினால் அந்த வேலையும் எங்களுக்கு. ஓடாவிட்டால் மூன்றும் மணலிப் பட்டறைக்கு.

நான் அப்போது புளியந்தோப்பில் ஓர் அச்சகத்தில் ரோலர் கழற்றிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா போனில் தேவகி பெயரைத் தேடி அளவைச் சொல்ல, ரமேஷ் கடைந்துவிட்டார். நான் பட்டறைக்கு வந்தபோது புஷ் பையில் தயாராக இருந்தது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. தூக்கிக்கொண்டு ஓடினேன்.

பதினொன்று இருபது, கொருக்குப்பேட்டை. அங்கேதான் நினைவு வந்தது. சுவரில் நான் எழுதுவது ஷாஃப்ட்டின் அளவு மட்டும். அதற்கு மேல் எவ்வளவு லூஸ் விட வேண்டும் என்று எழுதியதே இல்லை. மிஷினுக்கு மிஷின் அது மாறும். என் தலையில் இருக்கும். ரமேஷ் சுவர் அளவுக்கே கடைந்திருந்தால் ஷாஃப்ட் உள்ளே நுழையாது. திரும்பிப் போய்ச் செய்து வர நேரம் இல்லை. அளந்து பார்க்க வெர்னியரும் இல்லை.

ஸ்டெல்லாவுக்கு மூன்று தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. லேத் ஓடும்போது அங்கே எதுவும் கேட்காது.

திருவொற்றியூரில் பாதிப் பெட்டி இறங்கியது. விம்கோ நகர், கத்திவாக்கம். டேங்கர் வேகன்கள் வெயிலில் நின்றன. பதினொன்று ஐம்பதுக்கு எண்ணூர். அங்கிருந்து குப்பத்துக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய், மூன்று கிலோமீட்டர் இருக்கும்.

டிரைவர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இன்னா நைனா, பைய கொழந்த மாரி மடில வச்சினுகீற? பிரியாணியா?"

"மிஷின் சாமான்."

"அதுக்கு ஏன் இப்டி மூஞ்சி?"

இருபது ரூபாயை எடுத்து நீட்டினேன்.

மிஷினைச் சுற்றிப் பெரிய ஐஸ் கட்டிகள், மேலே ஈரச் சாக்கு. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. படகுக்காரர்கள் காலிப் பெட்டிகள் மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

"வா அந்தோணி," என்றார் ஒருவர். "பாதி ஐஸ் தானா கடலுக்குப் போய்ட்ச்சு. மீதிக்கு நீ வந்துட்ட."

தேவகி சிரிக்கவில்லை. "போடு," என்றார்.

ஷாஃப்ட்டைத் துடைத்தேன். கொஞ்சம் எண்ணெய் தடவினேன். புஷ்ஷை வைத்துக் கையால் தள்ளினேன்.

உள்ளே போயிற்று. சுற்றிப் பார்த்தேன், ஆட்டிப் பார்த்தேன். நான் கடைந்திருந்தாலும் அவ்வளவுதான் விட்டிருப்பேன். பிறகு மற்றதை மாட்டினேன். ஒன்று இருபதுக்கு மிஷின் ஓடியது. ஐஸ் நொறுங்கி விழுந்தது. பெட்டிகள் எழுந்து வந்தன.

"டிசம்பர்ல இப்டி வேர்த்துகினு கீற?" என்றார் தேவகி.

"ரயில்ல கூட்டம்."

"மத்த ரெண்டும் உங்கிட்டதான். அளவு ஸ்டெல்லாக்கு அனுப்பிடுறேன். உனக்குப் போட்டா நீ பாக்க மாட்ட."

டீ வாங்கிக் கொடுத்தார்.

எண்ணூர் பிளாட்பாரத்தில் நிற்கும்போது ஸ்டெல்லா கூப்பிட்டாள்.

"இன்னாத்துக்கு மூணு வாட்டி அடிச்ச?"

"எவ்ளோ லூஸ் வுட்டீங்க?"

"பத்து பாயிண்ட்." மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு.

"யார் சொன்னா?"

"நீதான். போன தபா அதக் கடையறப்போ வாய்க்குள்ள சொல்லினு இருந்த. அளவுக்குப் பக்கத்துலயே போட்டு வச்சேன்."

"அல்லாத்துக்கும் போட்டுகீறியா?"

"காதுல வுய்ந்ததுக்கு மட்டும். வுயாதது நாப்பது அம்பது கீது."

ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. போன வருடம் மஞ்சள் காமாலையில் நான் படுத்தபோது பட்டறை பதினெட்டு நாள் மூடிக்கிடந்தது. லேத் இருந்தது. ரமேஷ் இருந்தார். அளவு சுவரில் இருந்தது. மிச்சம் என்னோடு படுத்திருந்தது. இன்று நான் புளியந்தோப்பில் இருக்கும்போது ராயபுரத்தில் ஒரு வேலை சரியாக முடிந்திருக்கிறது. பை காலியாக இருந்தது. தண்டையார்பேட்டை வரை தூங்கினேன்.

மூன்று மணிக்குப் பட்டறை. சுவர் வெள்ளையாக இருந்தது. சாக்பீஸ் ஜன்னலில் அப்படியே கிடந்தது. எடுக்கவில்லை. ஸ்டூலை ஸ்டெல்லா பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

"போனை எடு. கொருக்குப்பேட்டை மாவு மில்லு, ஆறு பாயிண்ட்."

"லேத் ஓடுது," என்றாள். "சத்தமா சொல்லு."