கயபாவுக்கு மட்டும் ரப்பர் மூக்கு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில், லிட்டில் இந்தியாவில் பதினோரு ரப்பர் மூக்குகள் வாங்கினேன்.

சிரிக்காதீர்கள். கோயில் காரியத்துக்குத்தான்.

ஒவ்வொரு புனித வெள்ளியும் எங்கள் பங்குக் கோயிலின் தமிழ்ச் சமூகம் பாஸ்கா நாடகம் போடும். இயேசு பிடிபடுவதிலிருந்து சிலுவையில் உயிர்விடுவது வரை, ஒன்றரை மணி நேரம். எட்டு வருடமாக வசனம் நான். வேஷச் சாமான்களும் நான். வாராவாரம் பத்தி எழுதுகிறவளைச் சும்மா விடுவார்களா? இயக்கம் சேவியர் அண்ணன். ஜூரோங்கில் கப்பல் பட்டறை சூப்பர்வைசர். கோயிலிலும் அவர் அதே வேலையைத்தான் பார்க்கிறார் என்பது என் தாழ்மையான கருத்து.

இந்த வருடம் அவருக்கு ஓர் ஐடியா.

"ஃபிலோ, தலைமைக்குரு கயபா, பரிசேயங்க, கூட்டத்துல கத்துறவங்க... எல்லாருக்கும் வளைஞ்ச மூக்கு வெச்சுருவோம். பாத்த உடனே தெரியணும் லா, இவன் யூதன்னு!"

நானும் சரி என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அந்த வெட்கக்கேட்டைத்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

மூக்கு வாங்கப் போனபோது கூட வந்தவள் ரேச்சல். பதினோரு வருடமாக அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசை. யூதப் பெண். அவள் முன்னோர்கள் பாக்தாத்திலிருந்து இங்கே வந்து நான்கைந்து தலைமுறை ஆகிறது. என் தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்துக்கு வேலைக்கு வந்து இறங்கியபோதே அவர்கள் பழைய சிங்கப்பூர்க்காரர்கள். இறைச்சி விஷயத்தில் அவளுக்குக் கட்டுப்பாடு உண்டு. அதனால் எங்கள் மதியச் சாப்பாடு பெரும்பாலும் சைவ உணவகத்தில்தான். நெய் ரோஸ்ட் சாப்பிடுவதில் அவள் என்னைவிடத் தமிழச்சி.

சாப்பிட்டுவிட்டு, பள்ளி நாடகங்களுக்குத் தாடியும் கிரீடமும் விற்கிற கடைக்குள் நுழைந்தோம். கடைக்காரர் பையை நீட்டினார். ரேச்சல் ஒரு மூக்கை எடுத்துத் தன் மூக்கின் மேல் வைத்து, கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள். எங்கள் பேச்சு எப்போதும் ஆங்கிலத்தில். உங்களுக்காகத் தமிழில்.

"இது எந்த கேரக்டருக்கு?"

"யூதர்களுக்கு" என்றேன்.

வாயிலிருந்து வந்துவிட்டது. அவ்வளவு சாதாரணமாக வந்துவிட்டது!

அவள் மூக்கைக் கையில் எடுத்துக்கொண்டாள். சிரிப்பு போய்விட்டது.

"இயேசுவுக்கும் ஒண்ணு வாங்கியிருக்கியா?"

"இல்ல..."

"அவங்க அம்மாவுக்கு?"

அவள் மூக்கைப் பைக்குள் வைத்து, பையின் வாயை மடித்து, என் கையில் கொடுத்தாள். "லேட்டாச்சு, ஃபில். போகலாம்."

சிராங்கூன் சாலையில் சிக்னலுக்குக் காத்திருந்தபோது அவளாகவே பேசினாள்.

"கான்வென்ட்லதான் படிச்சேன். பத்து வயசு. புனித வெள்ளி லீவு முடிஞ்சு ஸ்கூலுக்குப் போனேன். என் பெஸ்ட் ஃப்ரெண்ட் கேட்டா: 'நீங்க ஏன் எங்க சாமியைக் கொன்னீங்க?' வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட கேட்டேன், 'நாம யாரையாவது கொன்னோமா டாடி?'ன்னு. அவர் சாப்பிட்டுக்கிட்டிருந்தார். அப்படியே எழுந்து போயிட்டார்."

"ஸாரி ரேச்சல்."

"எனக்கு உன் ஸாரி வேண்டாம். அந்த நாடகத்தைப் பாக்கப் பத்து வயசுப் பிள்ளைங்க வருவாங்க இல்ல? அவங்களுக்கு என்ன சொல்லப் போறே?"

பச்சை விழுந்தது. அவள் விறுவிறுவென்று கடந்துவிட்டாள்.

அன்று மாலை வீட்டில் என் வசனத்தை எடுத்துப் படித்தேன். எட்டு வருடப் பெருமை! இரத்தப்பழி எங்கள் மேல் விழட்டும் என்று கூட்டம் கத்துகிற இடம் — நற்செய்தியில் ஒரே ஒருமுறை வருவதை நான் மூன்று முறை கத்த வைத்திருக்கிறேன், இடிச் சத்தத்தோடு. அதற்குப் பிறகு கதைசொல்லி வந்து, "சபிக்கப்பட்ட இனமே!" என்கிறான். இது எந்த நற்செய்தியில் இருக்கிறது? எதிலும் இல்லை. அம்மையார் நானே என் சொந்த மூளையில் தயாரித்தது. வருடா வருடம் கைதட்டல் வாங்குகிற வரி.

நம்மை நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது, வாசகர்களே. ஞாயிறுதோறும் யூதர்களின் திருப்பாடல்களைப் பாடுகிறோம். "ஆமென்" யார் மொழி? "அல்லேலூயா"? நாடகத்துக்கு நாம் வைத்திருக்கும் பாஸ்கா என்ற பெயரே அவர்கள் திருவிழாவின் பெயர். யூதத் தாய் ஒருத்திக்கு மாதாவென்று மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, அழுது, வேண்டிக்கொள்கிறோம். புனித வெள்ளி பிற்பகல் மூன்று மணி வழிபாட்டில், கடவுள் முதலில் பேசியது இந்த மக்களிடம்தான் என்று சொல்லி அவர்களுக்காக மண்டியிட்டுச் செபிக்கிறோம். ஐந்து மணிக்கு ஹாலில் ரப்பர் மூக்கு! இடையில் இரண்டு மணி நேரம்... ஒரு டீ குடிப்பதற்குள் மறந்துவிடுகிறது.

வியாழக்கிழமை ஒத்திகை. வெறுங்கையோடு போகவில்லை. பையைக் கொண்டுபோனேன், ஆனால் கொடுக்கவில்லை.

"மூக்கு இல்லண்ணே. அந்த இனம் கினம் வரியையும் எடுத்துட்டேன்" என்றேன்.

சேவியர் அண்ணன் என்னைப் பார்த்த பார்வை, பட்டறையில் வெல்டிங் சரியில்லாதபோது பார்க்கிற பார்வையாக இருக்கும்.

"நாடகம்தானே ஃபிலோ! காலங்காலமா இப்படித்தானே போடுறோம்?"

"காலங்காலமா தப்பாப் போட்டிருக்கோம்."

"உலகத்துல இருக்கிற பேங்க் பூரா அவங்க கையிலதான் இருக்கு, தெரியுமா? வாட்ஸ்அப்ல ஆதாரத்தோட வந்துச்சு."

ஆதாரம்! அண்ணனுடைய வாட்ஸ்அப்பில் போன வாரம் பூண்டுத் தண்ணீர் சர்க்கரை நோயைக் குணமாக்கியதற்கும் ஆதாரம் வந்திருந்தது. உலகத்தைக் கையில் வைத்திருக்கும் ரேச்சல், லிஃப்ட் பழுதானால் மூச்சிரைக்கப் பத்தாவது மாடி ஏறித்தான் தன் நாலறை அரசாங்க அடுக்குமாடி வீட்டுக்குப் போகிறாள். இதைச் சொன்னேன். அவர் அடுத்த ஆயுதத்தை எடுத்தார்.

"டிவில பாக்குறீல்ல, அவங்க நாடு போர்ல என்ன பண்ணுதுன்னு?"

"பாக்குறேண்ணே. குழந்தைங்க சாகுறதைப் பாத்தா நெஞ்சு பதறுது. அந்த கவர்ன்மெண்டைத் திட்டணுமா? திட்டுங்க, நானும் வரேன். அதுக்கு ரேச்சலோட மூக்கு என்ன பண்ணுச்சு?"

விஷயம் பங்குச் சாமியாரிடம் போனது. அவர் வந்து நிதானமாகச் சொன்னார். இயேசுவின் சாவுக்கு அன்றைய யூதர்கள் எல்லோரையுமோ இன்றைய யூதர்களையோ குற்றம் சொல்லக்கூடாது. அவர்களைச் சபிக்கப்பட்டவர்களாகக் காட்டக்கூடாது. கடவுள் அவர்களைக் கைவிடவில்லை. உலக ஆயர்கள் ரோமில் கூடி அறுபது வருடங்களுக்கு முன்பே இதைச் சொல்லியாகிவிட்டதாம்.

"எங்ககிட்ட நீங்க சொல்லவே இல்லையே, ஃபாதர்?"

"எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன்மா."

ரோமிலிருந்து சாங்கிக்கு விமானம் அரை நாளில் வந்துவிடுகிறது. இந்தச் செய்தி அறுபது வருடமாக வழியிலேயே நிற்கிறது!

"பெரிய சண்டை வேண்டாம். நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு ஃபாதர் ஒரு புது வீட்டுக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கக் கிளம்பிவிட்டார். சண்டையை எங்களிடமே விட்டுவிட்டு.

சேவியர் அண்ணன் என் கையிலிருந்த பையை வாங்கி, ஒரு மூக்கை எடுத்து ஆரோக்கியத்திடம் நீட்டினார். "நீ போட்டுக் காட்டுறா. நல்லாருக்கா இல்லையான்னு எல்லாரும் பாக்கட்டும்."

ஆரோக்கியத்துக்குத்தான் கயபா வேஷம். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து ஆறு வருடம். தங்கல் டார்மிட்டரியில், வேலை ஜூரோங்கில், அண்ணனுடைய அதே பட்டறையில், அவருக்குக் கீழே. ஓவர்டைம் யாருக்கு என்று முடிவு செய்பவர் அண்ணன்தான் என்பதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவர் மூக்கை வாங்கவில்லை.

"அண்ணே... கோச்சுக்காதீங்க. நான் போட மாட்டேன்."

"ஏன்டா?"

"எங்க டார்மிட்டரில ஒருத்தன் குடிச்சுட்டுச் சண்டை போட்டு நியூஸ்ல வந்துட்டான். மறுநாள் நான் எம்ஆர்டி ரயில்ல ஏறி உக்காந்தேன். பக்கத்துல இருந்த அம்மா எந்திரிச்சுப் போயிட்டாங்க. நான் அவனைப் பாத்ததுகூட இல்லண்ணே. ஒருத்தன் பண்ணதுக்கு எங்க எல்லாருக்கும் ஒரே மூஞ்சி மாட்டி விட்டுட்டாங்க. கயபா தப்புப் பண்ணாருன்னா, கயபாவா நல்லா நடிச்சுக் காட்டுறேன். இன்னொருத்தர் மூஞ்சிய மாட்டிக்கிட்டு நடிக்க மாட்டேன்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. கான்வென்ட் படிப்பு, வாராந்திரப் பத்தி, பதினோரு வருட நட்பு... இவ்வளவும் இருந்த எனக்கு, ரேச்சல் கேட்கிற வரை தோன்றவில்லை. ஆரோக்கியம் ரேச்சலைப் பார்த்ததுகூட இல்லை.

சேவியர் அண்ணன் வெகு நேரம் அந்த மூக்கை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு பையோடு குப்பைத்தொட்டியில் போட்டார். ஆனால் சும்மா தோற்றுவிட்டுப் போகிற ஆளா?

"சரி, தாடியாவது இருக்கட்டும்!"

"தாராளமா. எல்லாருக்கும் வைப்போம், இயேசு உட்பட" என்றேன்.

ஆரோக்கியத்தின் ஓவர்டைம் குறையவில்லை என்பதைப் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அண்ணனுக்கு அந்த மரியாதையைக் கொடுத்தே ஆக வேண்டும்.

மறுநாள் ரேச்சலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ம்" என்றாள். கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அப்புறம்தான் உறைத்தது — பத்து வயதிலிருந்து அவள் சுமப்பதை, நாங்கள் ஒரு பிளாஸ்டிக் பையைக் குப்பையில் போட்டதற்காக உடனே இறக்கி வைத்துவிட வேண்டுமா என்ன? பன்னிரண்டரைக்கு, "சாப்பிடப் போகலாமா?" என்று அவள்தான் கேட்டாள். போனோம். அன்று நாடகத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை.

புனித வெள்ளியன்று ஹால் நிறைந்திருந்தது. ஆரோக்கியம் கயபாவாக நின்றார் — பதவிக்குப் பயந்த, ரோமானிய ஆளுநருக்குப் பயந்த, தன் பயத்துக்குச் சட்டத்தைத் துணைக்கு அழைக்கிற ஒரு மனிதனாக. அப்படி ஓர் ஆளை அலுவலகத்தில், கட்சியில், பங்குப் பேரவையில் நீங்களும் நானும் தினம் பார்க்கிறோம். கூட்டம் ஒரே ஒருமுறை கத்தியது. இடி இல்லை. அந்த இடத்தில் கதைசொல்லி வாயைத் திறக்கவில்லை. பின் வரிசையில் ஒரு பெண் குழந்தை மட்டும், "அவரை விட்டுருங்க!" என்று உரக்க அழுதது.

முடிந்ததும் பெரியவர் ஒருவர் குறையோடு என்னிடம் வந்தார். "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இந்த வருஷம் வில்லனே இல்லையேம்மா?"

"நாமதான் முதல் வரிசையில வந்து உக்காந்திருந்தோமே, ஐயா!" என்றேன்.